காலிக் காற்று

ஜூலை 3, வியாழன்

எட்டு மணிக்கு முன் காபி கூடாது. தலையில் பூ கூடாது, பவுடர் கூடாது. துணி துவைக்கும் சோப்பைக்கூட மணமில்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆறு வருடமாக என் காலைகள் இப்படித்தான். மூளை வாசனையை எப்படி அறிகிறது என்று ஆராயும் இடத்தில் ‘மூக்கு’ வேலை பார்ப்பவளுக்குத் துறவியின் ஒழுக்கம் வேண்டியிருக்கிறது.

எங்கள் இயந்திரத்துக்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. நாங்கள் அதை ஊதுவத்தி என்கிறோம். நான்கு குழாய்கள். மூன்றில் கிராம்பு, எலுமிச்சை, நீலகிரித் தைலம். நான்காவதில் எதுவும் கலக்காத காற்று. அதற்குப் பெயர் காலி. எதிரே உட்காருபவரின் தலையில் கம்பிகள் கோத்த தொப்பி. திரையில் கிராம்போ எலுமிச்சையோ படமாக வரும். இரண்டு விநாடி கழித்து மூக்கருகே காற்று வரும். சில முறை படத்துக்குரிய மணம், சில முறை வெறும் காலி. படத்தைப் பார்த்த மூளை காலிக் காற்றிலும் அந்த மணத்தை முகர்ந்துவிடுகிறதா? கேள்வி அவ்வளவுதான். அதற்குத்தான் என் இருபதுகள் போயின.

காலி உண்மையிலேயே காலியாக இருக்க வேண்டும். அதைச் சோதிக்க மனித மூக்கைவிட நல்ல கருவி இல்லை என்பது என் ஆய்வு நெறியாளர் உலகநாதன் சாரின் கட்சி. அவர் மூக்கு, இளமையில் அமிலங்களோடு புழங்கியதில் போய்விட்டது. “என் மூக்கு எனக்கு முன்னாடியே ரிட்டயராகிடுச்சு” என்பார். ஆறு வருடத்துக்கு முன், நேர்முகத் தேர்வில் ஏழு குப்பிகளை என்னிடம் நீட்டினார். ஏழையும் சொன்னதோடு, ஐந்தாவது குப்பிக்கு மூன்றாவதின் மூடியைப் போட்டிருக்கிறீர்கள் என்றும் சொன்னேன். அன்றிலிருந்து நான் ‘லேபோட மூக்கு’. தினமும் காலையில் நான்காவது குழாயை முகர்ந்து, பதிவேட்டில் ‘மணமில்லை’ என்று எழுதிக் கையெழுத்திடுவேன்.

விதிப்படி இரண்டாவது மூக்கு ஜெஸிந்தா. அவள் முகர்வதே இல்லை, கையெழுத்து மட்டும்.

“ஏட்டி எழிலு, பிஷப்பே ஜெபம் பண்ணியாச்சு, பொறவு உபதேசியாரு எதுக்கு?”

தூத்துக்குடிக்காரி. ஆய்வகத்திலும் வீட்டிலும் அவள்தான் என் துணை. இருவருமாகப் பீளமேட்டில் ஒரு சின்ன வீடு எடுத்திருக்கிறோம்.

சார் டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் கட்டுரை வர வேண்டும். அது வந்தால்தான் என் ஆய்வேடு. இதுவரை பன்னிரண்டு பேரைச் சோதித்தாயிற்று. முடிவு எதுவும் தெரியவில்லை. காலிக்கு மூளை காலியாகவே இருக்கிறது.

ஜூலை 9, புதன்

காய்ச்சல். 102.

ஜூலை 15, செவ்வாய்

ஒரு வாரத்துக்குப் பின் ஆய்வகம். உடம்பு பஞ்சு மாதிரி இருக்கிறது. நான் இல்லாதபோது நான்காவது குழாய் விரிசல் விட்டதாம். புதிய குழாய் வர ஒரு மாதம் ஆகும் என்றார்களாம். ஜெஸிந்தா அலமாரியில் கிடந்த சிலிக்கோன் குழாய் ஒன்றைச் சோப்புத் தண்ணீரில் கழுவிப் பொருத்தியிருக்கிறாள்.

“உனக்காகத்தான் காத்திருக்கு. மோந்து பார்த்துச் சொல்லு.”

முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. ‘மணமில்லை’. கையெழுத்து. சோதனைகள் மீண்டும் தொடங்கின.

கேன்டீன் காபி வெந்நீர் மாதிரி இருந்தது. மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டார்.

ஜூலை 18, வெள்ளி

பால் பொங்கி அடிப்பிடித்துக் கருகிவிட்டது. ஜெஸிந்தா உள்ளறையிலிருந்து ஓடி வந்தாள். நான் அடுப்புக்கு முன்னால்தான் நின்றிருந்தேன், புத்தகம் படித்துக்கொண்டு. நல்ல அத்தியாயம்.

ஜூலை 25, வெள்ளி

நூலகத்திலிருந்து அத்தர் வணிகத்தின் வரலாறு ஒன்றை எடுத்துவந்தேன். அறுபது வருடப் பழைய பதிப்பு. இப்படிப்பட்ட புத்தகத்தை நடுவில் விரித்து முகத்தருகே கொண்டுபோவது சிறு வயதிலிருந்து என் வழக்கம். இன்றும் கொண்டுபோனேன். பிறகு மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். இன்னும் படிக்கத் தொடங்கவில்லை.

வேறொரு செய்தி: முடிவுகள் வரத் தொடங்கிவிட்டன. கடந்த பத்து நாளில் சோதித்த பதினோரு பேரில் ஒன்பது பேரின் மூளை, காலிக் காற்றுக்கும் மணத்துக்குரிய அலையைக் காட்டியிருக்கிறது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“எழில், பாத்தியா! மூக்கு மோக்கறதுக்கு முன்னாடி மூளை மோந்துடுது.”

கேன்டீனிலிருந்து எல்லோருக்கும் கேசரி வரவழைத்தார். ஏலக்காய் அதிகம் என்று ஜெஸிந்தா சொன்னாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 31, வியாழன்

இன்று வந்தவரைப் பற்றி எழுத வேண்டும். பெயர் போஜராஜன். வயது ஐம்பத்திரண்டு. குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தேநீர்ச் சுவைஞர். ஒரு நாளைக்கு இருநூறு கோப்பையை உறிஞ்சித் துப்பி, எது எந்தத் தரம் என்று சொல்வது அவர் வேலை. பாதிக்கு மேல் மூக்கு செய்கிற வேலை.

இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சலில் அவருக்கு மூக்கு போய், ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது. ஆனால் பழைய முதலாளி போய் மகன் வந்திருக்கிறார். அண்மையில் அனுப்பிய சரக்கில் இரண்டு திரும்பி வந்தனவாம். மகனுக்குச் சந்தேகம். ‘மூக்கு சரியாக இருக்கிறது என்று எங்காவது எழுதி வாங்கி வா, இல்லையென்றால் பேக்கிங் கொட்டகைக்குப் போ’ என்றிருக்கிறார். சோதனைக்கு ஆள் கேட்ட எங்கள் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போஜராஜன் பேருந்து பிடித்து வந்துவிட்டார். இப்படி எழுதிக் கொடுப்பது எங்கள் வழக்கமில்லை. ஆனால் தேர்ந்த மூக்கு ஒன்று தானாக வந்து உட்கார்ந்தால் சார் விடுவாரா? ஒப்புக்கொண்டார்.

மணங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. காலிக் காற்று வந்தபோதுதான் சிக்கல். ஒவ்வொரு முறையும் “கிராம்பு” என்றார். முடிந்ததும் தொப்பியைக் கழற்றும்போது மெல்லக் கேட்டார்.

“ஏம்மா, படத்துல எலுமிச்சை காட்டுனீங்க. காத்துல கிராம்பு வந்துச்சுங்க.”

“அது காலிக் காத்து சார். உங்க மூளை தானா நெனச்சுக்குது.”

“எலுமிச்சையப் பார்த்துட்டு எதுக்குங்க கிராம்ப நெனைக்குது?”

“முன்னாடி வந்த கிராம்போட ஞாபகமா இருக்கும்.”

இதைச் சொல்ல நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

அவர் தலையில் ஒட்டியிருந்த பசையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். “முப்பது வருஷமா இந்த மூக்குதாங்க எங்க வீட்டுக்குச் சோறு போட்டுது. அது பொய் சொல்லுதுன்னா சொல்லிருங்க. பரவால்ல.”

ஆகஸ்ட் 7, வியாழன்

போஜராஜனுக்கு அறிக்கை. சார் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். ‘இருக்கும் மணங்களைச் சரியாக அறிகிறார். இல்லாத மணத்தையும் இருப்பதாக உணர்கிறார்.’ இரண்டாவது வாக்கியம் வேண்டுமா என்று கேட்டேன்.

“நாம பார்த்தத எழுதறோம். அதுல என்ன?”

ஒன்றுமில்லை. அச்செடுத்து உறையில் போட்டேன்.

கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டோம். 28ஆம் தேதி அனுப்ப வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாலை ஆறு மணிக்கு நான் முதலில் வீட்டுக்கு வந்தேன். டீ போடத் தீப்பெட்டியை எடுத்தேன். வாசலில் ஜெஸிந்தாவின் கத்தல்.

“கொளுத்தாத! கொளுத்தாதட்டி! சன்னலத் தொற!”

அடுப்பின் குமிழ் காலையிலிருந்தே பாதி திறந்திருந்திருக்கிறது. அவளுக்குப் படிக்கட்டிலேயே கேஸ் வாடை வந்துவிட்டதாம். குச்சி என் விரல்களுக்கு நடுவில் இருந்தது.

“ஒனக்கு வாடையே வரலையா?”

“சளி.”

“எத்தன நாளா சளி?”

ஈரத்துணியை உலர்த்தப் போகிறேன் என்று மாடிக்குப் போய்விட்டேன். அங்கே உலர்த்த எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. இதிலும் பொய் எழுதினால் வேறெங்கே உண்மை எழுதுவது?

முப்பத்தைந்து நாளாக எனக்கு எந்த மணமும் தெரியவில்லை.

கிராம்பு எண்ணெய்க் குப்பியைத் திறந்து மூக்கில் இடித்துக்கொண்டே முகர்ந்தேன். சற்றுக் காரமான குளிர்ச்சி, அவ்வளவுதான். அம்மா அனுப்பிய நெய். மழை. என் தலையணை. ஒன்றும் இல்லை. காய்ச்சலுக்குப் பின் மூக்கின் உள்ளே மேற்பகுதியில் உள்ள நரம்பணுக்கள் இறந்து மறுபடி முளைக்கும், மூன்று மாதமோ ஒரு வருடமோ ஆகலாம், சிலருக்கு முளைக்காமலே போகலாம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குபவள் நான். எனக்கு விளக்கிக்கொள்ள முடியவில்லை.

ஏன் சொல்லவில்லை? அந்த ஏழு குப்பிகள்தான் காரணம். மூக்கு இல்லாத என்னை சார் எதற்கு வைத்துக்கொள்வார்? இன்னும் சில வாரம்தானே. காலி எப்போதும் காலியாகத்தானே இருந்திருக்கிறது. ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட மாறியதில்லை. முகர்ந்தால் என்ன, முகராவிட்டால் என்ன?

இன்று காலையும் கையெழுத்திட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

போஜராஜன் தொலைபேசியில் அழைத்தார். சண்டை போடவில்லை. அறிக்கையில் ஒரு சந்தேகம் என்றார்.

“‘இல்லாத மணம்’னு போட்டிருக்கீங்களே, அது வியாதிங்களா? மருந்து ஏதாச்சும் இருக்குதுங்களா? பதினொண்ணாந் தேதியிலருந்து என்னைய பேக்கிங்குல போட்டுட்டாங்க. மருந்து சாப்ட்டுத் திரும்ப வர்றேன்னு கேட்டுப் பார்க்கலாம்னுதான்.”

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பிறகு அவருடைய பதிவை மட்டும் தனியாகத் திறந்தேன். எலுமிச்சையைப் பார்த்துவிட்டுக் கிராம்பை எதற்கு நினைக்க வேண்டும்? அவர் கேட்டுப் பத்தொன்பது நாள் ஆகிறது.

சாரின் கணக்கீடு எல்லாக் காலிகளையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுக்கிறது. நான் படவாரியாகப் பிரித்தேன். கிராம்புப் படத்துக்குப் பின் வந்த காலியில் கிராம்பின் அலை. சரி. எலுமிச்சைப் படத்துக்குப் பின் வந்த காலியிலும் கிராம்பின் அலை. நீலகிரித் தைலத்துக்குப் பின்னும் கிராம்பு. அவருக்கு மட்டுமல்ல, காலியில் அலை காட்டிய எல்லோருக்கும். ஜூலை 15க்கு முன் சோதித்த பன்னிரண்டு பேருக்கு மட்டும் இது இல்லை.

மூளை எதிர்பார்த்ததை முகர்ந்திருந்தால், எலுமிச்சைக்கு எலுமிச்சையல்லவா வந்திருக்க வேண்டும்?

அலமாரியைத் திறந்தேன். பலகையின் பின்புறம் ஒரு சீட்டு உதிர்ந்து கிடந்தது. ‘கிராம்புக் குழாய், பழையது. பயன்படுத்த வேண்டாம்.’ என் கையெழுத்து. சிலிக்கோன் கிராம்பு எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல விடும். சோப்புத் தண்ணீருக்கு அது போகாது.

காலி காலியாக இல்லை. ஒரு நல்ல மூக்கு வந்து அதைச் சொன்னது. அந்த மூக்கைத்தான் கெட்டது என்று தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் பதிவேட்டில் கை தானாகக் கையெழுத்திட்டது. இருபத்தாறாவது. எண்ணிப் பார்த்தேன்.

மதியம் ஜெஸிந்தாவிடம் சொன்னேன். மூக்கு போனதைச் சொன்னபோது அவள் வியக்கவில்லை. “கேஸ் அன்னைக்கே தெரியும். நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்.” குழாயைச் சொன்னபோதுதான் நிமிர்ந்தாள். குழாயைக் கழற்றி அவளிடம் நீட்டினேன்.

“மோந்து பாரு.”

முகர்ந்தாள். புருவம் ஒரு கணம் அசைந்தது.

“ஒண்ணும் இல்லட்டி.”

“ஜெஸி.”

“ஒண்ணும் இல்லன்னு சொல்லுதேம்லா! அதுல என் கையெழுத்தும் இருக்கு, தெரியுமா? எனக்கு மூக்கு நல்லாத்தான் இருக்கு. நீயாச்சும் சளின்னு சொல்லிருவ. நான் என்ன சொல்ல?”

வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பதிவேட்டில் கையெழுத்திடவில்லை. நேராக சாரின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டேதான். உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

மேசைமேல் இருந்த கட்டுரை அச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“எத்தன பேரு?”

“ஜூலை 15க்கு அப்புறம் முப்பத்தெட்டு பேர் சார்.”

“குழாய்ல கிராம்பு இருக்குன்னு யாரு சொன்னா?”

“டேட்டா சொல்லுது சார்.”

“டேட்டாவுக்கு நூறு விளக்கம் கொடுக்கலாம். நான் கேக்கறது மோந்து பாத்தது யாருன்னு. எனக்கு மூக்கில்ல. உனக்கு மூக்கில்லங்கற. ஜெஸிந்தா?”

“ஒண்ணும் இல்லன்னு சொல்றா.”

“அப்புறம்? ஒரு பழைய சீட்டை நம்பி முப்பத்தெட்டு பேரோட டேட்டாவத் தூக்கிப் போடச் சொல்றியா? இருபத்தெட்டாம் தேதிக்கு ஒரு வாரம் இருக்கு, எழில். டிசம்பருக்கு நாலு மாசம்.”

அவர் என்னை வேண்டிக்கொள்கிறார் என்பது சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது. ஆறு வருடத்தில் அவர் யாரிடமும் எதையும் வேண்டி நான் பார்த்ததில்லை. சரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். என் ஆய்வேடும் அந்தச் சொல்லுக்குள்தான் இருந்தது.

“ஒரு மூக்கு இருக்கு சார். நாம கெட்டுப்போச்சுன்னு எழுதிக் கொடுத்த மூக்கு.”

கதவைப் பார்த்தார். போ என்று பொருள். நான் போகவில்லை. கடைசியில், “அவர வரச் சொல்லு. குழாய்க்கு நம்பர் நான்தான் போடுவேன். நீ அந்த ரூம்லயே இருக்கக் கூடாது” என்றார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

போஜராஜன் முதல் பேருந்தில் வந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாமல். மருந்து கொடுக்கத்தான் கூப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தார்.

சார் ஒரே நீளத்தில் எட்டுக் குழாய்த் துண்டுகளைத் தட்டில் வைத்திருந்தார். ஏழு புதியவை, வெள்ளிக்கிழமைதான் வந்து சேர்ந்தன. ஒன்று எங்கள் நான்காவது குழாயிலிருந்து வெட்டியது. எது எந்த எண் என்பது அவருக்கு மட்டும் தெரியும். நான் வெளியே வராந்தாவில் நின்றேன். கதவு ஒருக்களித்திருந்தது. ஜெஸிந்தா வந்து எனக்கு இரண்டடி தள்ளி நின்றாள். ஐந்து நாளாக நாங்கள் பேசவில்லை.

உள்ளே கேட்பதெல்லாம் சிறு சிறு உறிஞ்சல்கள். தேநீர் சுவைப்பவரின் மூச்சு, வெடுக்கென்று, இரண்டிரண்டாக. நடுநடுவே நீண்ட இடைவெளி. அவர் தவறவிட்டால்? என் அறிக்கை அவரைத் தன் மூக்கின் மேலேயே சந்தேகப்பட வைத்திருந்தால்?

“என்னங்க சார், ரெண்டு சுத்து பார்த்துட்டேன்.” அவர் குரலில் தயக்கம். “சொன்னாத் தப்பா எடுத்துக்குவீங்களோன்னு...”

“சொல்லுங்க.”

“போன தடவ இதச் சொல்லித்தானுங்க எனக்கு வியாதின்னு எழுதுனீங்க.”

சார் தாளைப் புரட்டும் ஓசை.

“ஆறாம் நம்பருங்க. கிராம்பு. புதுசில்ல, பழைய கிராம்பு, எண்ணெய் கசந்து போனது. அப்புறம் ரெண்டாம் நம்பர்ல சோப்பு வருது. அது குழாயில இல்லைங்க, நீங்க கைகழுவிட்டு ஈரத்தோட எடுத்து வெச்சிருக்கீங்க.”

உள்ளே நாற்காலி நகரும் ஓசை. சார் கதவைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. “ஆறு” என்றார், காற்றைப் பார்த்து.

ஜெஸிந்தா என்னைத் தாண்டி முன்னால் போனாள். “சார், புதன்கெழமயே எனக்குக் கிராம்பு அடிச்சுது. பொய் சொல்லிட்டேன். அதுக்கு முந்தி ஒரு நாள்கூட நான் மோந்ததே இல்ல. எல்லாம் வெறும் கையெழுத்து.”

போஜராஜன் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

“அப்ப, அன்னைக்கு நான் கேட்டப்ப, அது கிராம்புதான்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது சார். எனக்கு வாசனையே தெரியலங்கறது மட்டும் தெரியும்.”

“அது போதாதுங்களா, சொல்றதுக்கு?”

அவர் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

“வேற காகிதம் எழுதிக் கொடுங்க. மூக்கு நல்லாருக்குன்னு மட்டும் போட்டாப் பத்தாது. யாரு தப்புன்னும் போடுங்க. இல்லாட்டி அந்தப் பையன் நம்ப மாட்டான்.”

தட்டச்சு செய்தேன். இந்த முறை யாரும் சொல்லித் தரவில்லை. கீழே சார் கையெழுத்திட்டார், அதற்குக் கீழே நான், அதற்கும் கீழே ஜெஸிந்தா.

ஆகஸ்ட் 28, வியாழன்

கட்டுரை போகவில்லை. சார் காலை முழுவதும் தன் அறையிலிருந்த புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. உதவட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். வாசல்வரை போனபின் கூப்பிட்டார்.

“அந்த ஏழு குப்பியில அஞ்சாவது மூடிய மாத்தி வெச்சது நான்தான். வேணும்னே. ஏன்னு தெரியுமா? மோக்கத் தெரிஞ்சவங்க நெறைய பேர் உண்டு. தப்பா இருக்குன்னு சொல்ற ஆளு வேணும்னு பாத்தேன்.”

அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 3, புதன்

போஜராஜனிடமிருந்து இரண்டு நிமிட அழைப்பு. முதலாளி மகன் காகிதத்தைப் படித்துவிட்டும் நம்பாமல், பத்துக் கோப்பைகளை மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தாராம். “பத்தும் சொல்லிட்டேங்க. மேசைக்குத் திரும்பியாச்சு.” வைக்கும் முன், “உங்களுக்கு வந்துச்சுங்களா?” என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். “ம்” என்றார்.

முப்பத்தெட்டு பேரையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். என் ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போகிறது. ஆய்வேட்டைக் கண்காணிக்கும் குழு என்னை வைத்திருக்குமா என்று இம்மாதக் கடைசியில்தான் தெரியும். நான்காவது குழாயை இனி ஜெஸிந்தா முகர்கிறாள், கண்ணை மூடிக்கொண்டு, சிலுவை போட்டுவிட்டு. இரண்டாவது மூக்காகப் பக்கத்து ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள். நான் தொப்பி மாட்டுகிறேன், கம்பிகளைத் துடைக்கிறேன். காலையில் எழுந்ததும் காபி குடிக்கலாம் இப்போது. வெந்நீர்தான்.

மூக்கு இழந்தவர்களுக்கு நாங்கள் சொல்லும் பயிற்சியை இன்று தொடங்கினேன். நான்கு குப்பிகள், காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, ஒவ்வொன்றையும் இருபது விநாடி. தெரிந்ததை எழுத வேண்டும். தெரியவேண்டும் என்று நினைப்பதை எழுதக் கூடாது. புதிய நோட்டு ஒன்றில் கோடு போட்டேன்.

ரோஜா: இல்லை.
எலுமிச்சை: இல்லை.
நீலகிரித் தைலம்: குளிர்ச்சி மட்டும். மணம் இல்லை.
கிராம்பு:

இங்கே நெடுநேரம் பிடித்தது. ஏதோ ஒன்று இருக்கிற மாதிரி இருந்தது, மிகத் தொலைவில். குப்பியின் மேல் ஒட்டியிருந்த பெயரை ஏற்கெனவே படித்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. குப்பியைக் கீழே வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நான்கையும் கலைத்து, ஒன்றை எடுத்து, மறுபடி முகர்ந்தேன். எது என்று சொல்ல முடியவில்லை.

‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.